சிமுலேட்டரில் எது அசலாக இருக்க வேண்டும்?

ஓமலூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கு ஏறிச் செல்லும் ரயில்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் ரயில் சிமுலேட்டர் (அசல் வண்டியை ஓட்டுவதுபோலவே திரையில் ஓட்டிப் பார்க்கும் விளையாட்டு) என்றாலே வண்டியின் பாரம் கையில் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பேன். அசல்தன்மை முக்கியமா, விளையாட்டு இன்பம் முக்கியமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற லோகோ பைலட் (ரயில் ஓட்டுநர்) ஒருவருடன் கழித்த மாலைப்பொழுதுதான் நினைவுக்கு வருகிறது.

முதலில் கைபேசி விளையாட்டு ஒன்றை அவரிடம் கொடுத்தேன். ஹாரன் ஒலியையும் நடைமேடைகளையும் ரசித்தவர், பிரேக்கைப் போட்டு எடுத்ததும் முகம் சுளித்தார். "ஏம்பா, எடுத்த உடனே வண்டி கெளம்புதே, கடைசிப் பெட்டி வரைக்கும் காத்து ஏற வேண்டாமா?" என்றார். அசல் வண்டியின் பிரேக் குழாயில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ இருக்கும். அதில் அரை கிலோ குறைத்தால் லேசாகப் பிடிக்கும், ஒன்றரை கிலோ குறைத்தால் முழுதாகப் பிடிக்கும்; அழுத்தம் மீண்டும் ஏறினால்தான் பிரேக் விடும். அந்த மாற்றம் எஞ்சினிலிருந்து குழாய் வழியே பின்னால் போய்ச் சேர நேரம் எடுக்கும் என்பதால், நிற்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே கணித்துக் கைப்பிடியைத் திருப்புவதில்தான் ஓட்டுபவரின் திறமை இருக்கிறது.

பிறகு கணினியில், இலவசமாகக் கிடைக்கும் 'ஓப்பன் ரெயில்ஸ்' சிமுலேட்டரைத் திறந்து கொடுத்தேன். இதில் காற்று பெட்டி பெட்டியாகப் பரவுவது கணக்கிடப்படுகிறது. அவர் வேகமானியைவிட அழுத்தமானியின் முள்ளையே அதிகம் பார்த்தார். அழுத்தத்தைச் சிறிது குறைத்துவிட்டு, வண்டி அடங்கும்வரை கையை வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். படங்கள் பழையவை என்பதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1990களில் வெளியிட்ட 'டென்ஷா தே கோ' விளையாட்டும், குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் வண்டியை நிறுத்துவதற்கே மதிப்பெண் கொடுத்து மக்களைக் கவர்ந்தது. எனவே இன்பத்தையும் அசல்தன்மையையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்துப் பேசுவதை நான் ஏற்பதில்லை.

விமான விளையாட்டில் இதன் மறுபக்கத்தைக் கண்டேன். கிருஷ்ணகிரியில் இருக்கும் என் அக்கா மகன், எல்லாம் அணைக்கப்பட்ட நிலையிலிருந்து போயிங் 737 விமானத்தை உயிர்ப்பிக்க முயன்று, பேட்டரி, துணை மின் எஞ்சின், எரிபொருள் பம்பு என்று ஒவ்வொரு சுவிட்சாகத் தேடிக் களைத்து, எஞ்சின் சுழல்வதற்கு முன்பே எழுந்துவிட்டான். அடுத்த முறை எஞ்சின் ஓடும் நிலையில், ஓடுபாதையிலேயே செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தை நிறுத்திக் கொடுத்தேன். சென்னையில் எளிதாக மேலெழுந்தவன், பெங்களூருவுக்கு வந்ததும், "மாமா, இங்க மட்டும் ஏன் இவ்வளவு தூரம் ஓடுது?" என்று கேட்டான். பெங்களூரு விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் எஞ்சினின் வலுவும் இறக்கையின் தூக்குவிசையும் குறைகின்றன என்று விளக்கினேன். பாடப்புத்தகத்தில் படித்திருந்தால் இந்தக் கேள்வி அவனுக்கு எழுந்திருக்குமா என்பது சந்தேகமே.

சுவிட்சுகளைச் சுருக்கலாம், காத்திருப்பைத் தாண்டலாம். காற்றும் எடையும் பொய் சொல்லக் கூடாது. ஆகவே புதிதாகத் தொடங்குவோருக்கு, தரையிறங்க உதவும் தானியங்கி வசதிகளை முதலில் அணைத்துவிட்டு, எஞ்சினை இயக்கும் நீண்ட நடைமுறைகளைக் கடைசியாகக் கற்கும்படியே நான் சொல்வேன்.