தாத்தா காலத்து இரும்புப் பெட்டி நகர மாட்டேங்குது: கீழமாசி வீதியிலிருந்து திருப்பாலைக்குக் கொண்டு போக வழி சொல்லுங்க

மண்டிவீட்டுப் பேரன்
வணக்கம். கீழமாசி வீதிக்குப் பின்னால ஒரு சந்துல எங்க பழைய வீடு. வித்தாச்சு. சித்திரைத் திருவிழாவுக்குள்ள சாவியைக் கொடுத்துடணும். அண்டா குண்டா, கட்டில், ஆட்டுரல் எல்லாம் திருப்பாலை வீட்டுக்குப் போயிருச்சு. மிச்சம், பட்டாசாலை மூலையில நிக்கிற இரும்புப் பெட்டி. தாத்தா பலசரக்கு மண்டி நடத்துனப்ப வாங்கினது.

உயரம் 3 அடி, அகலம் 2, ஆழம் 2. சுவர் மட்டுமே 3 அங்குலத் தடிமன். எடை எவ்வளவுன்னு வீட்ல யாருக்கும் தெரியாது. நேத்து நாலு லோடுமேன் வந்து தோள் கொடுத்துப் பார்த்தாங்க, அசையவே இல்லை. "இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வாரோம்"னு போனவங்க போனை எடுக்கலை.

என் சந்தேகம் மூணு. வாசல் நிலை 26 அங்குலம். கைப்பிடியோட சேர்த்து அளந்தா பெட்டி 27 வருது. எப்படி வெளிய எடுக்கறது? ரெண்டாவது, அவங்க கடப்பாரை போட்டு நெம்பினப்ப கைப்பிடிப் பக்கம் முன் மூலையில அடியிலிருந்து வெள்ளையா தூள் கொட்டுச்சு. அது என்ன? மூணாவது, அப்பா இதை மாடி ரூம்ல கன்னி மூலையிலதான் வைக்கணும்னு நிக்கிறார். வைக்கலாமா?

வைகைக்கரையான்
பழைய இரும்புக் கடைக்குப் போடுங்க. அவனே ஆள் கூட்டிட்டு வந்து தூக்கிட்டுப் போவான், காசும் கொடுப்பான்.

மண்டிவீட்டுப் பேரன்
அண்ணே, அப்பத்தா இருக்கற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்க முடியாது.

கொத்தனார் மகன்
எடையைக் கணக்கு போட்டே பார்த்துடலாம். வெளி அளவு 3×2×2, அதாவது 12 கன அடி. சுவர் 3 அங்குலம் போக உள்ளறை 2½×1½×1½, அது 5.6 கன அடி. மிச்சம் 6.4 கன அடி சுவர். உள்ளே கான்கிரீட்டா இருந்தா கன அடிக்கு 68 கிலோ, 430 தாண்டும். இரும்புக்கு இன்னும் கூடும். அரை டன்னுன்னு வச்சுக்கங்க. வேற ஏதாவது அடைச்சிருந்தா குறையும்.

மாடி விஷயம். வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம்னு எடுத்துத்தான் கம்பி கட்டுறது வழக்கம். உங்க பெட்டி 4 சதுர அடியில அரை டன்னை இறக்குது. சதுர மீட்டருக்கு 1,300 கிலோவுக்கு மேல! உடனே இடிஞ்சு விழும்னு சொல்லலை. அறை மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்தா தளம் தாங்கக்கூடும். ஆனா நடு ஸ்லாப்ல வச்சா விரிசல் விட வாய்ப்பு உண்டு, அதுவும் தளம் எப்படிப் போட்டதுன்னு தெரியாம. எனக்கு அதைவிடப் பயம் மாடிப்படி. திருப்பத்துல பெட்டி நழுவினா கீழ நிக்கிற ஆள் கதி என்ன? கீழ் வீட்டுக் கன்னி மூலையில வைங்க. அங்க மூலைத் தூண் இருக்கும், அடியில மண்ணு. வாஸ்துவும் இன்ஜினியரும் ஒத்துப் போற இடம் அது ஒண்ணுதான்.

பூட்டுக்கடைப் பொண்ணு
தம்பி, எங்கப்பா திண்டுக்கல்ல பூட்டு வேலை பார்த்தவர். அந்தத் தூள் பத்தி எனக்குத் தெரியும். பழைய தீக்காப்புப் பெட்டிகள்ல ரெண்டு தகட்டுக்கு நடுவுல மரத்தூளும் படிகாரமும் கலந்து அடைக்கிறது உண்டு. நெருப்புல சூடேறினா படிகாரத்துக்குள்ள இருக்கற தண்ணி ஆவியாகி உள்ளே இருக்கறதைக் காப்பாத்தும். ஆனா பல வருஷம் ஈரத்துல இருந்தா அதே படிகாரம் இரும்பை உள்ளேயிருந்து அரிச்சுடும். உங்களுக்கு அந்த மூலையில அடித்தகடு போயிருச்சு. அங்கே கடப்பாரையை விட்டா பிஞ்சு வந்துரும். எதிர் மூலையில நெம்புங்க.

சில பழைய பெட்டிகள்ல கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும், கண்ணால பார்த்துப் பிரிச்சுச் சொல்ல முடியாது. அதனால உலர்ந்தபடி பெருக்க வேண்டாம். முகத்துக்கு மாஸ்க் போட்டுட்டு, ஈரத்துணியால ஒத்தி எடுங்க. ஓட்டையை டேப் போட்டு ஒட்டிட்டு வண்டியேத்துங்க.

அப்புறம் உள்ளே ஒரு ரூபா கூட வைக்காம காலி பண்ணிடுங்க. கதவைப் பூட்டி சாவியை உங்க இடுப்புல முடிஞ்சுக்கங்க. இந்த மாதிரிப் பெட்டியில கதவு ரொம்பக் கனம். வழியில தானா திறந்துச்சுன்னா பெட்டியே முன்பக்கமாச் சாய்ஞ்சுடும்.

வைகைக்கரையான்
தரையில சோப்புத் தண்ணிய ஊத்தி இழுங்க, வழுக்கிட்டு வரும்.

ஒத்தக்கடை லோடு
சோப்புத் தண்ணியில மொதல்ல வழுக்குறது ஆளோட காலு. அதைச் செய்யாதீங்க. 22 வருஷமா அரிசி மில் மெஷினு, லேத்து எல்லாம் நகட்டுறவன் சொல்றேன், இது தூக்குற வேலையே இல்லை.

5 அடி கடப்பாரை எடுங்க. நுனியிலிருந்து 3 அங்குலத்துல மரக்கட்டையை முட்டுக் கொடுங்க. 19 மடங்கு பலம் வந்துரும். அரை டன்னுல ஒரு ஓரம்னா 250 கிலோ, உங்க கை 13 கிலோ அமுக்கினா போதும், சின்னப் பையனே அமுக்குவான். ஓரம் தூக்கினதும் பலகைய விடுங்க, அப்புறம் அடுத்த ஓரம். கையை மட்டும் அடியில விடக் கூடாது, குச்சியால தள்ளுங்க. விரல் போன ஆளுங்களைப் பார்த்திருக்கேன்.

பலகைக்கு அடியில ஒன்றரை அங்குல ஜிஐ பைப்பு, 3 அடி நீளத்துல நாலு துண்டு. எப்பவும் மூணு பைப்பு அடியில இருக்கணும், பின்னால கழலுறத எடுத்து முன்னால போடணும். பைய நகட்டுங்க. புது வீட்டு டைல்ஸ் மேல முக்கால் அங்குல பிளைவுட் விரிச்சிட்டு ஓட்டுங்க. இல்லாட்டி சிமென்ட் பிடிக்காத டைல்ஸ் எல்லாம் பட்டு பட்டுன்னு வெடிக்கும்.

நிலை பத்தி: கைப்பிடியை எதுக்கு அகலத்துல சேர்க்கறீங்க? பெட்டிய வாசலப் பார்த்து நிக்க வைங்க, கைப்பிடி முன்னால நீட்டிட்டுப் போகும். கீலோட சேர்த்துப் பக்கவாட்டுல மட்டும் அளங்க.

மண்டிவீட்டுப் பேரன்
அளந்தேன். 25 அங்குலம்! ரெண்டு பக்கமும் அரை அரை அங்குலம் இடம் இருக்கு. மூணு நாளா நிலையைப் பேர்க்கணும்னு ஆசாரி தேடிட்டு இருந்தேன்.

ஆனா குட்டியானையில எப்படி ஏத்துறது? சந்துக்குள்ள கிரேன் வராது.

ஒத்தக்கடை லோடு
போர் மோட்டார் தூக்குறவங்ககிட்ட முக்காலியும் ஒரு டன் செயின் பிளாக்கும் இருக்கும். அவங்களைக் கூப்பிடுங்க. பெல்ட்டை அடிவழியா குறுக்கும் நெடுக்கும் சுத்தி மாட்டி, மேல தூக்கி, வண்டியப் பின்னால விட்டு இறக்கிக்கலாம். நைலான் கயிறு வேண்டாம், இழுவும். வண்டியில டிரைவர் கேபினை ஒட்டி நடுவுல நிறுத்திக் கட்டுங்க. தொங்கும்போது அடியில யாரும் போகக் கூடாது.

இறக்குற இடத்துல முக்கியமா ஒண்ணு பாருங்க. இப்பக் கட்டுற வீட்ல கார் நிறுத்துற இடத்துக்கு அடியிலதான் தண்ணித் தொட்டியோ செப்டிக் டேங்கோ இருக்கு. முக்காலியோட ஒரு கால் அந்த மூடி மேல நின்னா பெட்டி தொட்டிக்குள்ளதான்.

சிம்மக்கல் அக்கா
தேதி குறிக்கும்போது பஞ்சாங்கத்தோட திருவிழா நோட்டீஸையும் பாருங்க தம்பி. திருக்கல்யாணத்துக்கு மறுநாள் மாசி வீதி நாலுலயும் தேர் வரும். முந்தின நாளே கூட்டம் கூடிரும், வண்டி உள்ளே போனா வெளிய வராது.

மண்டிவீட்டுப் பேரன்
எல்லாருக்கும் தகவல். திருவிழாக் கொடியேத்துறதுக்கு முன்னாலயே ஒரு ஞாயிறு விடிகாலை அஞ்சு மணிக்கு எடுத்துட்டோம். நிலையைத் தாண்டுறப்ப ஒரு பக்கம் சுவர்ல பெயின்ட் மட்டும் உரசிச்சு. பட்டாசாலையிலிருந்து தெரு வர 40 நிமிஷம் ஆச்சு, படி ஏறி இறங்க ரெண்டு பக்கமும் கட்டை அடுக்கினதுல பாதி நேரம்.

போற வழியில எடை மேடையில காலி வண்டி ஒரு தடவை, பெட்டியோட ஒரு தடவை போட்டோம். 370 கிலோ. கொத்தனார் மகன் அண்ணே, கான்கிரீட் இல்லை, பூட்டுக்கடை அக்கா சொன்ன தூள்தான் போல.

திருப்பாலை வீட்ல கார் ஷெட்டுக்கு நட்ட நடுவுல தண்ணித் தொட்டி மூடி! கட்டினவங்க டைல்ஸ் ஒட்டி மறைச்சிருந்தாங்க, தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன். முக்காலியைக் கேட்டுக்கு வெளியே போட்டு இறக்கி, தொட்டியச் சுத்தி ஓரமா உருட்டிட்டுப் போனோம். அப்பா மாடிப்படியை ஒருதரம் பார்த்தார், பெட்டியை ஒருதரம் பார்த்தார், "கீழயே கன்னி மூலைதான்"னுட்டார்.

இப்பப் புதுசா ஒரு பிரச்சினை. கதவு மூடுது, ஆனா சாவி முக்கால் சுத்து போய் நின்னுக்குது. பழைய வீட்ல ஒழுங்காத் திரும்புச்சு.

பூட்டுக்கடைப் பொண்ணு
சாவியை அழுத்தித் திருப்பாதீங்க, உள்ளேயே ஒடிஞ்சா பெரிய வேலை. பூட்டுல கோளாறு இருக்காது, பெட்டி மட்டமா நிக்கலை. அரிச்சுப் போன மூலை கீழ அமுங்கியிருக்கும், போல்ட் துவாரத்துக்கு நேரா வரலை. அந்த மூலைக்கு அடியில தகடு சொருகிப் பாருங்க. மேல நீர்மட்டம் வைச்சுக்கிட்டே செய்யுங்க.

மண்டிவீட்டுப் பேரன்
கைப்பிடிப் பக்கம் முன் மூலையில 2 மில்லி தகடு ஒண்ணு, பத்தலை. ரெண்டு வைச்சேன். சாவி முழுச் சுத்தும் திரும்புது அக்கா.