சென்ட்ரல் ஜெயில் வாசலை மட்டுமாவது விட்டிருக்கலாமா?

ராயபுரம்காரன்:
1837-ல் கட்டிய மெட்ராஸ் சென்ட்ரல் ஜெயிலை 2009-ல் தரைமட்டமாக்கி, இடத்தை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. கைதிகளை 2006-லேயே புழலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், சும்மா கிடந்த இடம்தான். ஆனால் முகப்பில் இருந்த வாசல் கட்டடத்தையும் சேர்த்து ஏன் இடிக்க வேண்டும்? 1932-ல் சுபாஷ் சந்திர போஸை அடைத்து வைத்த ஜெயில் அது. 2001-ல் கலைஞர் கைதானபோது அந்த வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாரே, அந்தப் படத்தைப் பார்க்காத ஆள் உண்டா? வாசல் மட்டும் இருந்தால் போதும், மிச்சத்தை மனசு கட்டிக்கொள்ளும்.

புளியந்தோப்பு பழனி:
அண்ணே, படத்தில் பார்த்தவங்களுக்கு அது சரித்திரம். எங்கள் பக்கம் அந்த வாசலை வேறு மாதிரி தெரியும். உள்ளே இருக்கிற ஆளைப் பார்க்க மனு போட்டுவிட்டு, பேர் கூப்பிடுவார்களா என்று கைக்குழந்தையோடு வெயிலில் நின்ற பெண்களுக்கு அது கட்டடக்கலை இல்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதன் முன்னால் செல்ஃபி எடுக்கணுமா? இடித்தது நல்லதுதான். ஆஸ்பத்திரிக்கு இடம் கிடைத்தது, நம் ஜனம்தான் ஜி.எச்.சில் வரிசையில் நிற்கிறது.

வண்ணை நிலா:
பழனி அண்ணா சொல்வதில் பாதிதான் சரி. சிறையிலேயே ஊர் பார்க்கும்படி கட்டுவது வாசல் ஒன்றைத்தான், மீதியெல்லாம் மதிலுக்குப் பின்னால். அதனால்தான் லண்டன் நியூகேட் சிறையில் வாசலுக்கு மேலே கல்லிலேயே கைவிலங்கு, கால்விலங்கு செதுக்கி வைத்தார்கள், டப்ளின் கில்மெய்ன்ஹாமில் சங்கிலி போட்ட பாம்புகள். உள்ளே போகிறவனை விட வெளியே நடந்து போகிறவனைப் பயமுறுத்தத்தான் அது. அப்புறம் வேலை செய்யும் விதம். எந்த மத்திய சிறையிலும் இரட்டைக் கதவு, வெளிக்கதவு சாத்தின பிறகுதான் உள்கதவு திறக்கும், நடுவில் இருக்கிற அந்த இடத்தில் நிறுத்தி வைத்துத்தான் பெயர் எழுதுவது, சோதனை போடுவது, ஒப்படைப்பது எல்லாம். பெரிய கதவு வண்டிக்கு, ஆளுக்கு அந்தக் கதவிலேயே இருக்கிற சின்னத் திட்டிவாசல், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். ஒரு அரசாங்கம் குடிமகனை எப்படி நடத்துகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல கட்டடம் கிடைக்குமா?

கொத்தவால்சாவடி:
அத்தனை கதவும் பூட்டும் இருந்துதான் 1990-ல் கொலை கேஸ் ஆட்டோ சங்கர் அதே ஜெயிலில் இருந்து தப்பித்தார், வார்டர்கள் துணையோடு. கல்லுக்கு ரொம்பப் பெருமை கொடுக்க வேண்டாம். எனக்குப் பழனி சொல்கிற காரணம் கூட இல்லை, இடம்தான் கணக்கு. ஜி.எச். பக்கத்தில் ஒரு கிரவுண்டு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நடுவில் பழைய வாசல் ஒன்றை நிறுத்தி வைத்தால் ஆம்புலன்ஸ் அதைச் சுற்றிக்கொண்டு போகணும். பழைய ஜெயில் ரோட்டைப் பாருங்கள், பாரதி மகளிர் கல்லூரி இருக்கும் இடமே ஒரு காலத்தில் ஜெயில்தான். 1964-ல் இருந்து அங்கே நம் பக்கத்துப் பெண்கள் படிக்கிறார்கள். ஜெயிலுக்கு அதைவிட நல்ல முடிவு என்ன இருக்கு?

ராயபுரம்காரன்:
ஆம்புலன்ஸ் கதை எல்லாம் வேண்டாம் தம்பி. அந்தமானுக்குப் போய்ப் பாருங்கள். செல்லுலார் ஜெயிலுக்கு ஏழு கிளை இருந்தது, இப்போது மிச்சம் மூன்றுதான், இடித்த பக்கத்தில் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரி நடக்கிறது. ஆனால் வாசல் கட்டடமும் நடுக்கோபுரமும் அப்படியே நிற்கிறது, 1979-ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். அங்கே ஆஸ்பத்திரியும் இருக்கு, வாசலும் இருக்கு. பெங்களூரில் பழைய சென்ட்ரல் ஜெயிலைச் சுதந்திரப் பூங்கா ஆக்கினார்கள், 2008-ல், நாம் இடிக்கிறதுக்கு முந்தின வருஷம். காவல் கோபுரத்தை விட்டு வைத்து, பக்கத்திலேயே தர்ணா பண்ணவும் இடம் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் மரபுச் சின்னங்கள் ஆணையச் சட்டமே 2012-ல்தான் வந்தது, ஜெயில் போய் மூன்று வருஷம் கழித்து.

புளியந்தோப்பு பழனி:
அந்தமானில் யாரை நினைக்கிறார்கள்? சுதந்திரப் போராட்டக்காரர்களை. இங்கே வாசலை வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எந்தக் கட்சி ஆட்சிக்கு வருகிறதோ அவர்கள் தலைவர் பெயர் பலகையில் முதலில் வரும். 1996-ல் ஜெயலலிதா இருந்தது ஒரு ஆட்சியில் மறையும், 2001 இன்னொரு ஆட்சியில் மறையும். சாராய கேஸில் உள்ளே போன ஆளுக்கு எந்தக் கல்வெட்டிலும் இடம் இருக்காது.

வண்ணை நிலா:
எமர்ஜென்சியில், மிசா சட்டத்தில் ஆட்களைப் பிடித்துப் போட்ட காலத்தில் அங்கே கைதிகளை அடித்த அடி இருக்கே, அதற்கு நீதிபதி இஸ்மாயில் கமிஷன் போட்டுத்தான் விசாரித்தார்கள். சிட்டிபாபு அந்த அடியின் பாதிப்பிலேயே 1977-ல் இறந்தார். அவர் எம்.பி., அதனால் பேர் தெரிகிறது. பேர் தெரியாதவர்களுக்காகத்தான் வாசல் வேணும் என்கிறேன், பலகையே வைக்க வேண்டாம்.

கொத்தவால்சாவடி:
பலகை இல்லாத நினைவுச்சின்னம் இந்த ஊரில் ஒரு வாரத்தில் போஸ்டர் ஒட்டுகிற சுவராகிவிடும் அக்கா. வெள்ளைக்காரன் காலத்தில் இந்த ஊரைச் சுற்றிக் கட்டின கருப்பர் நகர மதிலில் மிஞ்சினது மாடிப் பூங்காதான், அங்கே ஒரு தடவை போய்ப் பாருங்கள், கீழே நடக்கிறவனில் எத்தனை பேருக்கு அது மதில் என்று தெரியும்?

ராயபுரம்காரன்:
தெரியாவிட்டாலும் நிற்கிறது இல்லையா. தெரிந்துகொள்ள நினைக்கிறவனுக்குப் போய்த் தொட்டுப் பார்க்க ஒரு சுவர் இருக்கு.

புளியந்தோப்பு பழனி:
சரி, வாசல் இருந்திருந்தால் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் கேட்டிருப்பது தலைவர் அடைபட்ட செல்லை இல்லை. மனு வாங்குகிற அந்த ஜன்னலையும் அதற்கு முன்னால் ஜனம் நின்ற நடைபாதையையும் அப்படியே வைக்கச் சொல்லியிருப்பேன். அது மட்டும் இல்லாமல் சிலை ஏதாவது வைத்திருந்தால், இடிக்கச் சொல்லி மனு கொடுக்கிற முதல் ஆள் நான்தான்.