குழந்தைகளின் 'ஊ' ஒலியில் இரண்டாம் ஃபார்மன்ட்டை அளப்பது எப்படி?

வணக்கம். சென்னையில் பேச்சு, செவித்திறன் இளநிலைப் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஐந்து, ஆறு வயதுத் தமிழ்க் குழந்தைகளின் நெட்டுயிர்களின் ஃபார்மன்ட்டுகளை (வாய், தொண்டைக் குழியின் ஒத்ததிர்வால் வலுப்பெறும் அதிர்வெண்களை), பேச்சொலிகளை ஆராயும் பிராட் மென்பொருளில் அளந்து வருகிறேன். திட்ட அறிக்கையை அடுத்த மாத இறுதிக்குள் ஒப்படைக்க வேண்டும்.

ஆ, ஈ ஆகியவற்றில் சிக்கலில்லை. 'ஊ' ஒலியில் மட்டும் முதல் இரண்டு ஃபார்மன்ட்டுகளும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன; மூன்றாவதாக இருக்க வேண்டியதை, 3000 ஹெர்ட்ஸுக்கு மேலே, இரண்டாவது என்று மென்பொருள் காட்டுகிறது. இக்குழந்தைகளின் அடிப்படை அதிர்வெண் (குரல்நாண்கள் அதிரும் வீதம்) 300 ஹெர்ட்ஸை ஒட்டியிருப்பதால் இசைச்சுரங்கள், அதாவது அதன் மடங்குகளான அதிர்வெண்கள், தள்ளித் தள்ளி விழுகின்றன. காரணம் அதுவே என நினைக்கிறேன்.

பதிவுகள் ஒலித்தடுப்பு அறையில், 44,100 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில், சுருக்கப்படாத வேவ் கோப்புகளாக எடுக்கப்பட்டவை, இரைச்சல் இல்லை. ஃபார்மன்ட் உச்சவரம்பை (மென்பொருள் ஃபார்மன்ட்டுகளைத் தேடும் மேல் எல்லையை) பெண்களுக்குரிய 5500 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை படிப்படியாக உயர்த்திப் பார்த்தேன். தேட வேண்டிய ஃபார்மன்ட் எண்ணிக்கையை ஆறாக்கினால் இரண்டு கோடுகள் பிரிகின்றன என்றாலும், அவற்றுள் ஒன்று அருகிலுள்ள இசைச்சுரத்தைப் பற்றிக்கொள்கிறது. அந்த எண்ணை அறிக்கையில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. நிறமாலைப் படத்தின் சாளர நீளத்தை (ஒவ்வொரு முறையும் ஆராயப்படும் ஒலித்துண்டின் நீளத்தை) 5 மில்லிவினாடியிலிருந்து 3 ஆகக் குறைத்தபோது சில குழந்தைகளிடம் மட்டும் இரண்டும் கண்ணுக்குத் தெரிந்தன. வழிகாட்டும் பேராசிரியர் தற்போது நீண்ட விடுப்பில் இருக்கிறார்.

குழந்தைகளின் குரலை அளந்த அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி உச்சவரம்பு வைத்து அளப்பது ஆய்வு முறைப்படி ஏற்கத்தக்கதா?