புதுப்பிப்பு: கல்லடி வீட்டு ஸிக்பீ சென்சர்

முதல்ல கேட்டது: ஹோம் அசிஸ்டன்டில (வீட்டுக் கருவிகளை நடத்துற மென்பொருள்) இருக்கிற ஸிக்பீ (சின்னக் கருவிகள் வயரில்லாமப் பேசுற முறை) கதவு சென்சர்களின்ர தொடர்பு இரவானா அறுந்துபோகுது, ஏன்?

சென்சரில பிழையில்லை. டொங்கிள் (சென்சர்களோட பேசுற ஸிக்பீ ரேடியோக் குச்சி) யூஎஸ்பி 3.0 போர்ட்டில நேரா செருகியிருந்தது. அந்தப் போர்ட்டின்ர ரேடியோ இரைச்சல் ஸிக்பீ ஓடுற 2.4 கிகாஹேர்ட்ஸிலயே விழும். 2.0 போர்ட்டுக்கு மாத்தி, 1 மீற்றர் எக்ஸ்டென்ஷன் வயரில தள்ளி வைச்சதும் பாதி சரி.

அடுத்தது சானல். ஸிக்பீ சானல் 11, வைஃபை சானல் 1 ரெண்டின்ர அலைவரிசையும் ஒண்டுக்கு மேல ஒண்டு. ஸிக்பீயை 25க்கு மாத்தியாச்சு. பற்றரி சென்சர் சிலது புதுச் சானலுக்குத் தானா வராது. ஹோம் அசிஸ்டன்டில அழிக்காம திரும்பப் பெயார் பண்ணுங்க (இணைச்சு விடுங்க), ஓட்டோமேஷன் (தானா நடக்கிற வேலைகள்) அப்படியே இருக்கும்.

இரவில மட்டும் ஏன்? விறாந்தை ஸிக்பீ பல்பை படுக்கப்போகேக்க சுவர்ச் சுவிச்சில நிப்பாட்டுறது. அந்த பல்பு சென்சரின்ர சிக்னலைக் கடத்திவிடுற ரிப்பீட்டராவும் இருக்கு, அதால அதுவழியா வந்த சென்சரும் சேர்ந்தே போயிடும். ரிப்பீட்டருக்கு எப்பவும் கரண்டில இருக்கிற ஸ்மார்ட் பிளக்தான் நல்லம்.