விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றுக்கும் ஒரே டிரைவ்: எதை வாங்கலாம்?

நண்பர்களே, எனக்கு விண்டோஸ் லேப்டாப், மகளுக்கு மேக்புக், அலுவலகத்தில் உபுண்டு (லினக்ஸ் வகை சிஸ்டம்). மூன்றிலும் செருக 1 டிபி போர்ட்டபிள் டிரைவ் ஒன்று வேண்டும்.

பழைய ஹார்ட் டிஸ்க் போன வாரம் மேஜையிலிருந்து விழுந்துவிட்டது. செருகினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான். அப்பாவின் கடைசிப் பிறந்தநாள் வீடியோ அதற்குள் இருக்கிறது. அதனால் இந்த முறை சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வாங்கலாம் என்றிருக்கிறேன்.

டிரைவை எந்த ஃபார்மட்டில் (ஃபைல்களைச் சேமிக்கும் முறையில்) வைப்பது என்பதிலும் குழப்பம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்றால் மேக்கில் படிக்கலாம், எழுத முடிவதில்லை. ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. மிச்சம் எக்ஸ்ஃபேட்தான். ஆனால் எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் ஃபைல்கள் கெடலாம் என்பது பயமாக இருக்கிறது.

இப்படி மூன்று சிஸ்டத்திலும் ஓரிரு வருடம் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? எந்த மாடல், ரொம்பச் சூடாகிறதா, அப்புறம் கேபிள் முனை தளர்ந்துபோகிறதா என்று சொல்லுங்கள்.