சார்ஜர் போட்டால் ஹெட்போனில் உறுமல்: எலக்ட்ரோஸ்டாட்டிக்குக்கு எந்த டிஏசி வாங்கலாம்?

தருமபுரி_தவில்:
வணக்கம். பென்னாகரம் ரோடு பக்கம் இருக்கிறேன். ஜப்பானில் வேலை பார்க்கும் மச்சான் ஊருக்கு வரும்போது ஸ்டாக்ஸ் எஸ்ஆர்-எல்300 எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனும், அதற்கான எஸ்ஆர்எம்-252எஸ் ஆம்ப்பும் கொண்டுவந்து கொடுத்தார். லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஆர்சிஏ கேபிள் (சிவப்பு, வெள்ளை பிளக் உள்ளது) போட்டுக் கேட்கிறேன். மிருதங்கத்தில் ஒரு தட்டு விழுந்து அதன் கார்வை அடங்குகிற வரைக்கும் காது பின்னாலேயே போகிறது, அவ்வளவு தெளிவு.

தொல்லை இரண்டு. சார்ஜர் செருகினால் "ம்ம்ம்" என்று அடியில் ஒரு உறுமல். அப்புறம், ஆம்ப்பின் வால்யூமைக் கொஞ்சம் திருப்பினாலே சத்தம் போதும் என்றாகிவிடுகிறது. அந்த இடத்தில் இடது காது தூக்கலாகக் கேட்கிறது. பெங்களூர் கடையில் விசாரித்தால், பேலன்ஸ்டு அவுட்புட்டும் (ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு சிக்னல் கம்பி) ஹெட்போன் ஆம்ப்பும் சேர்ந்த பெரிய டிஏசியாக (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி) எடுத்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். கையில் ரூ.20,000 இருக்கிறது. எடுக்கலாமா?

ஓசூர்_ஒலி:
பணத்தை எடுக்காதீர்கள், பொறுங்கள்.

உங்கள் ஹெட்போனில் காந்தமும் காயிலும் கிடையாது. துளை போட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய ஒரு பிலிம், அதற்கு 580 வோல்ட் பயஸ் (எப்போதும் நிற்கும் மின்னழுத்தம்). தகடுகளுக்குப் போகும் இசை சிக்னலே நூற்றுக்கணக்கான வோல்ட். அதையெல்லாம் கொடுப்பது அந்த 252எஸ்தான். சாதாரண ஹெட்போன் ஆம்ப்பில் இந்த ஐந்து முள் பிளக்கைச் செருகவே முடியாது. ஆக, டிஏசியில் ஹெட்போன் ஆம்ப் இருந்தால் அதற்குக் கொடுக்கும் காசு தண்டம். உங்களுக்கு வேண்டியது சுத்தமான லைன் அவுட் (இன்னொரு ஆம்ப்புக்குக் கொடுக்கும் சிக்னல்) மட்டும்.

பேலன்ஸ்டும் வேண்டாம், 252எஸ் ஆர்சிஏ மட்டும்தான் வாங்கும். வால்யூம் விஷயத்துக்குக் கணக்கு இருக்கிறது. ஆம்ப்பை முழுசாகத் திறந்து வைத்தால் 125 மில்லிவோல்ட் உள்ளே போனாலே 100 வோல்ட் வெளியே வரும். எல்300-க்கு 100 வோல்ட் என்றால் 101 டெசிபல், நெடுநேரம் கேட்டால் காதைக் கெடுக்கும் சத்தம். மேசை டிஏசிகள் கொடுப்பதோ 2 வோல்ட், அதாவது 16 மடங்கு. உங்கள் லேப்டாப் துளையும் 125 மில்லிவோல்ட்டைவிட அதிகமாகவே கொடுக்கும், அதனால்தான் குமிழ் அடியிலேயே நிற்கிறது. அந்த இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருப்பது குமிழ்களுக்குக் கஷ்டம். பேலன்ஸ்டு டிஏசி 4 வோல்ட் கொடுத்தால் இன்னும் மோசமாகும்.

லேப்டாப் வால்யூமைப் பாதிக்கும் கீழே இறக்கி, ஆம்ப் குமிழைப் பன்னிரண்டு மணி வாக்கில் வைத்துப் பாருங்கள். இடது தூக்கல் போய்விட்டால் குமிழ்தான் காரணம். போகாவிட்டால் ஆம்ப்பில் இடது வலது கேபிளை மாற்றிச் செருகுங்கள். தூக்கல் வலதுக்கு மாறினால் தவறு லேப்டாப் பக்கம். இடதிலேயே நின்றால் ஆம்ப் அல்லது ஹெட்போன்.

இன்னொன்று: ஆம்ப்பின் அடாப்டரில் 100 வோல்ட் என்று போட்டிருக்கிறதா?

தருமபுரி_தவில்:
நன்றி அண்ணா. ஆமாம், 100 வோல்ட்தான். மச்சான் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மரும் சேர்த்தே கொடுத்தார், அதில்தான் ஓடுகிறது. குமிழை மேலே வைத்ததும் இரண்டு காதும் சமம். சார்ஜரைக் கழற்றினால் உறுமல் சுத்தமாக இல்லை. சார்ஜர் இருக்கும்போது லேப்டாப் உடம்பில் புறங்கை பட்டால் சுருசுருவென்று இருக்கிறது, அது வழக்கம்தானே என்று விட்டிருந்தேன்.

வயர்மேன்_காவேரிப்பட்டணம்:
வழக்கம் இல்லை தம்பி, அதுதான் உங்கள் நோய். மூன்று முள் சார்ஜராக இருந்தும் சுருசுருக்கிறதென்றால் பிளக்கில் எர்த் வரவில்லை. சார்ஜருக்குள் இருக்கும் பில்டர் கசிவு பூமிக்குப் போக வழியில்லாமல் லேப்டாப் உடம்பில் நிற்கும். பிறகு உங்கள் ஆடியோ கேபிளின் மேலுறைக் கம்பியைப் பிடித்து ஆம்ப்புக்குப் போகும். உறுமல் அதுதான்.

நம்ம பக்கம் மண் பாறை. கோடையில் எர்த் குழி காய்ந்தால் எர்த் பேருக்குத்தான் இருக்கும். குழியில் தண்ணீர் ஊற்றி எத்தனை நாள் ஆச்சு என்று வீட்டில் கேளுங்கள். எலக்ட்ரீஷியனை வைத்து பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மங்கலாக எரிந்தாலோ எரியாமல் போனாலோ எர்த் சரியில்லை. விளக்கைப் போட்டதுமே ஆர்சிசிபி (கசிவு கண்டால் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) இறங்கி விளக்கு அணைந்தால் பயப்பட வேண்டாம், அது தன் வேலையைச் செய்கிறது. சிலர் சுலபமாக இருக்கட்டும் என்று நியூட்ரலையே எர்த் முள்ளில் முடிந்துவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு ஆள் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். உறுமல் போக எர்த் முள்ளை வெட்டுகிற வேலையும் கூடாது, ஆளைக் கொல்லும்.

கிருஷ்ணகிரி_மாங்கா:
எர்த் சரி. ஆனால் டிஏசிக்குள் இருக்கும் சிப் முக்கியம் இல்லையா? நல்ல ஆர்2ஆர் (ரெசிஸ்டர் ஏணி வைத்து மாற்றும் வகை) டிஏசி போட்டால்தான் ஸ்டாக்ஸ் பேசும் என்று எல்லாரும் சொல்கிறார்களே.

ஓசூர்_ஒலி:
மாங்கா, எல்லாரும் சொல்வார்கள். 16 பிட் சிடியிலேயே மெல்லிய சத்தத்துக்கும் உரத்த சத்தத்துக்கும் நடுவே 96 டெசிபல் அகலம். இன்றைக்கு ஓரளவு விலைக்கே அதைத் தாண்டிய டிஏசி கிடைக்கிறது. ஆர்2ஆர் குணம் பிடித்தால் வாங்குங்கள், குற்றமில்லை. உறுமல் இருக்கும் வீட்டில் முதலில் அது வேண்டாம் என்கிறேன்.

யுஎஸ்பியில் மட்டும் ஓடும் டிஏசி எவ்வளவு விலைக்கு வாங்கினாலும் லேப்டாப்பின் கசிவு யுஎஸ்பி கேபிளோடு கூடவே வரும். எனவே ஆப்டிகல் இன்புட் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் போவது வெளிச்சம், கம்பித் தொடர்பே கிடையாது. டாப்பிங் இ30, எஸ்எம்எஸ்எல் எஸ்யூ-1 இரண்டிலும் ஆப்டிகல் உண்டு, ஹெட்போன் ஆம்ப் கிடையாது. உங்களுக்கு அந்த வகை போதும். மின்சாரத்தைத் தனி அடாப்டரில் கொடுங்கள்.

தருமபுரி_தவில்:
ஆள் வந்து பார்த்தார். அறையின் சுவிட்ச் போர்டில் எர்த் வயர் இணைக்கவே இல்லை, சும்மா சுருட்டி வைத்திருந்தது. இணைத்து, குழியிலும் தண்ணீர் ஊற்றினோம். சுருசுருப்பு போய்விட்டது. உறுமல் பாட்டுக்கு நடுவே தெரியவில்லை, பாட்டு நின்றால் லேசாக இருக்கிறது. லேப்டாப்பில் ஆப்டிகல் இல்லை, டிவியில் இருக்கிறது. கூட ஒரு சந்தேகம்: ஹெட்போனைக் காதில் வைத்து அழுத்தினால் "ப்ரக்" என்று ஒரு சத்தம். பிலிம் கிழிந்துவிட்டதா?

ஓசூர்_ஒலி:
கிழியவில்லை. காது மெத்தைக்குள் காற்று அடைபட்டு பிலிமைத் தகட்டுப் பக்கம் தள்ளுகிறது, அதன் சத்தம். இந்த வகை ஹெட்போன்களில் சகஜம். மெதுவாக மாட்டிக்கொள்ளுங்கள். பிலிமில் தூசி உட்கார்ந்தால்தான் சங்கடம், கேட்டு முடித்ததும் மூடி வையுங்கள்.

டிவியில் கேட்பது அதிகமென்றால் இ30-ஐ ஆப்டிகலில் போடுங்கள். டிவி ஆடியோவை பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி) என்று மாற்ற வேண்டும், டால்பி என்று விட்டால் டிஏசிக்குப் புரியாது. லேப்டாப்புக்கு அதே டிஏசியை யுஎஸ்பியில் போட்டு, நடுவே ஒரு யுஎஸ்பி ஐசோலேட்டர் (கம்பித் தொடர்பை அறுத்து டேட்டாவை மட்டும் விடுவது). அதுவும் செலவென்றால் கேட்கும் நேரம் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.