நாலரை மணிக்கு ஒரு முக்காடு

இலங்கை மலையகத்தின் தலவாக்கலையிலிருந்து ஒரு சகோதரி:

கிறிஸ்து எப்போதும் கூட இருக்கிறார் என்பதை எங்கே, எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் பதில் அம்மாவிலிருந்து தொடங்குகிறது.

அம்மா 31 வருடங்கள் கொழுந்து பறித்தவர். நாலரைக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, தேயிலைக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துக்கொண்டு அங்கேயே முழங்காலிடுவார். கேத்தல் கொதித்துச் சத்தமிடும்வரை ஜெபம். பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, நேரமாகிறதே என்ற பதற்றம் அந்தக் குரலில் இருந்ததே இல்லை. மலையிலும் அது தொடர்ந்தது. நாளுக்கு மூன்று தடவை கொழுந்து நிறுப்பார்கள். கூடையோடு வரிசையில் நிற்கும் அந்த நேரங்களும் அவருக்கு ஜெப நேரங்கள்தான்.

தோட்டத் தமிழருக்கான ஆங்கிலிக்கன் மிஷன் பணி 1854-இல் தொடங்கியது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அது அம்மாவின் அம்மா வழியாக வந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. மத்தேயு 28:20-ஐத் தேவாலயத்தில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார்: "இதோ, உலகத்தின் முடிவுபரியந்தம் சகல நாட்களிலும் நான் உங்களுடனேகூட இருக்கிறேன்." அதில் "சகல நாட்களிலும்" என்பதைச் சற்று அழுத்திச் சொல்வார். நல்ல நாட்களில் மட்டும் என்று ஆண்டவர் சொல்லவில்லையே என்பார்.

எங்கள் லயத்தில் காம்பராக்களுக்கு நடுவே இருந்த சுவர் கூரைவரை போகாது. பக்கத்துக் காம்பராவில் விளக்கேற்றினால் எங்கள் கூரைத் தகரத்திலும் மஞ்சள் வெளிச்சம் படியும். ஆள் தெரியாது, ஆள் இருப்பது தெரியும். "ஆண்டவர் இருக்கிறார் என்று எப்படியம்மா தெரியும்?" என்று சிறுமியாக இருந்தபோது ஒரு நாள் கேட்டேன். அம்மா ஒன்றும் பேசாமல் அந்தத் தகரத்தைக் காட்டினார்.

நான் படித்து ஆசிரியையானேன். தினமும் ஜெபித்தேன். ஆனாலும் பல மாதங்கள் சுவரோடு பேசுவது போலத்தான் இருந்தது. விட்டுவிடவில்லை. மனம் உருகினால்தான் ஜெபம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பக்கத்துக் காம்பராவில் விளக்கு எரிகிறதா என்று அறிய நாமும் விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன வருடம் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது; பேச்சும் போய்விட்டது. வார்டில் மூன்றாவது இரவு. கட்டிலருகே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். எங்கோ ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார். அப்போது அம்மாவின் இடது கை மெதுவாக அசைந்தது. போர்வையின் விளிம்பைத் தேடிப் பிடித்தது. நழுவியது. மறுபடி பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டது.

மணியைப் பார்த்தேன். நாலரை.

அம்மாவின் உதடுகள் அசையவில்லை. ஆனால் முகம், அடுப்பு வெளிச்சத்தில் நான் பார்த்து வளர்ந்த அதே முகம். அவர் யாரிடம் பேசுகிறார் என்று எனக்குத் தெரியும். நானும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டேன். பிறகு, ஏன் என்று யோசிக்காமலே, யாரோ வந்தால் ஒதுங்கி இடம் கொடுப்போமே, அப்படி என் முக்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டேன்.

அம்மா இப்போது வீட்டில் இருக்கிறார். பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. நாலரைக்குக் கேத்தல் வைப்பது நான்.

நுவரெலியாவிலிருந்து ஒரு சகோதரர்:

அக்கா, வாசித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் கத்தோலிக்கர். காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு என மூவேளை செபம் அப்பா பழக்கியது. நான் மரக்கறி லொறி ஓட்டுகிறேன். கண்டி வழியாகப் போகும்போதெல்லாம் புனித ஜோசப் வாஸ் அடிகளாரை நினைத்துக்கொள்வேன். 1692-இல் கண்டிக்கு வந்தபோது ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறை வைத்தார்கள். ஆனாலும் 1711-இல் இறக்கும்வரை இந்த மண்ணில்தான் பணி செய்தார். சிறையில் அவரோடு இருந்தவர்தான் என் லொறியிலும் இருக்கிறார் என்று நம்புகிறேன்.

பல நாட்களில் மாலை ஆறு மணிக்கு றம்பொடை வளைவுகளில் இருப்பேன். நிறுத்த இடம் கிடைக்காது. ரேடியோவை மட்டும் நிறுத்திவிட்டு, கண்ணைப் பாதையில் வைத்தபடி சத்தமாகச் சொல்வேன். உதவிக்கு வரும் பையன் இந்து. இப்போதெல்லாம் ஆறு மணியானால் நான் கேட்காமலே அவனே ரேடியோவை நிறுத்திவிடுகிறான்.